இணையத்தில் இருந்தும் தேடலில் கிடைக்காத செய்திகள்: உள்ளிணைப்புகளில் நாம் விடும் தவறுகள்

சில மாதங்களுக்கு முன்னர் ஒலுவிலில் கற்கும் பல்கலைக்கழக மாணவி ஒருவர் எனக்குத் தொலைபேசி அழைப்பு எடுத்தார். சுனாமிக்குப் பின்னரான மீள்குடியேற்றம் பற்றி இறுதியாண்டு ஆய்வு செய்கிறாராம்.

"சேர், ஒங்கட வெப்சைட்ல சுனாமிக்குப் பத்து வருஷம் ஆனப்ப ஒரு தொடர் போட்டீங்களாமே. எங்கட வாப்பா வாசிச்சிருக்கார். நான் ரெண்டு நாளா கூகுள்ல தேடுறன், ஒண்டுமே வருதில்ல. அழிச்சிட்டீங்களா?"

"இல்ல மகள், அழிக்கல்ல. இருக்கு" என்றேன்.

உண்மையில் இருந்தது. ஒன்பது கட்டுரைகள். 2014 டிசம்பரில் கடற்கரையோரக் குடும்பங்களைத் தேடிச் சென்று, இழந்தவர்களிடமே கேட்டு எழுதியவை. 2004 டிசம்பர் 26 அன்று இலங்கையில் அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். அந்தக் காலையைத் தம் வாயால் எமக்குச் சொன்ன மூவர் இன்று உயிருடன் இல்லை. அவர்களுடைய வார்த்தைகள் வேறு எங்கும் அச்சில் இல்லை. எமது தளத்தில் மாத்திரமே இருக்கின்றன.

அழைப்பு முடிந்ததும் நானே தேடிப் பார்த்தேன். முதற் கட்டுரையின் தலைப்பை அப்படியே மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினேன். எதுவும் வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஏனெனில் அந்தச் சிறிய ஊர்ச் செய்தித்தளத்தின் தொழில்நுட்ப வேலைகளை ஓய்வு நேரத்தில் கவனிப்பவன் நான்தான். ஏன் இப்படி ஆனது என்று தேடியதில் நான் கண்டுபிடித்தவற்றையே இங்கு எழுதுகிறேன். ஏறக்குறைய எல்லாத் தவறுகளும் ஒரே இடத்தில்தான் இருந்தன: எமது தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நாம் கொடுத்திருந்த இணைப்புகளில்.

தேடுபொறி எப்படி வருகிறது?

நாம் ஒரு செய்தியைப் பதிவேற்றியவுடன் அது கூகுளுக்குத் தானாகத் தெரிந்துவிடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. கூகுள்பொட் என்ற மென்பொருள் ஏற்கனவே தனக்குத் தெரிந்த ஒரு பக்கத்தைத் திறக்கும். அதிலுள்ள இணைப்புகளைச் சேகரிக்கும். பின்னர் அந்த இணைப்புகளின் வழியே அடுத்த பக்கங்களுக்குப் போகும். இப்படி வாசித்த பக்கங்களில் எவற்றை வைத்துக்கொள்வது என்று தீர்மானித்து, அவற்றைத் தனது இன்டெக்ஸ் எனும் அட்டவணையில் சேர்க்கும். நாம் தேடும்போது கூகுள் இணையம் முழுவதையும் அலசுவதில்லை. அந்த அட்டவணையில் மட்டுமே பார்க்கிறது.

ஆகவே ஒரு பக்கம் அட்டவணைக்குள் வர வேண்டுமானால் முதலில் அதற்கு ஒரு பாதை இருக்க வேண்டும். சைட்மெப் எனப்படும் முகவரிப் பட்டியலையும் நாம் கொடுக்கலாம். ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை சேர்க்க முடியும். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதும் தளத்தின் மற்றப் பக்கங்கள் அந்தப் பக்கத்தைச் சுட்டுவதும் ஒன்றல்ல. லெரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1998இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையிலேயே கூகுளின் அடிப்படை சொல்லப்பட்டுவிட்டது: ஒரு பக்கத்தை எவையெவை சுட்டுகின்றன, எந்தச் சொற்களால் சுட்டுகின்றன என்பதைக் கொண்டு அதன் பெறுமதி கணிக்கப்படுகிறது. தன் சொந்தத் தளமே சுட்டாத ஒரு பக்கத்தை கூகுள் முக்கியமானதாகக் கருத வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

இணைப்பைப் போலத் தோன்றும் பட்டன்

எமது முதல் தவறு 2019இல் தளத்தின் வடிவமைப்பை மாற்றியபோது நேர்ந்தது. முன்பு முகப்பின் அடியில் 1, 2, 3 எனப் பக்க எண்கள் இருந்தன. அவற்றை அழுத்திக்கொண்டே போனால் முதல் நாள் செய்தி வரை போகலாம். புதிய வடிவமைப்பில் அவற்றை எடுத்துவிட்டு "மேலும் செய்திகள்" என்று அழகான ஒரு பட்டன் வைத்தோம். அதை அழுத்தினால் பழைய செய்திகள் கீழே வந்து சேரும். வாசகர்களுக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அந்தப் பட்டனுக்குப் பின்னால் முகவரி எதுவும் இல்லை. அது ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை ஒன்றை இயக்கும், அவ்வளவுதான். கூகுள் தனது வழிகாட்டியில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எச்டிஎம்எல் மொழியில் இணைப்புக்கென்று உள்ள 'ஏ' என்ற குறியும், அதற்குள் 'எச்ரெஃப்' என்ற பெயரில் ஒரு முகவரியும் இருந்தால்தான் பொதுவாக அதை இணைப்பாகப் பின்தொடர முடியும். கூகுள்பொட் இன்று ஜாவாஸ்கிரிப்டையும் இயக்கிப் பார்க்கிறது என்பது உண்மை. ஆனால் மனிதரைப் போல விரலால் பட்டனை அழுத்துவதில்லை. அழுத்தினால் மட்டுமே வெளிப்படும் எதுவும் அதன் கண்ணில் படாது.

இதைப் போன்றதே # குறியும். ஒரு முகவரியில் அந்தக் குறிக்குப் பின்னால் வரும் பகுதி, அதே பக்கத்துக்குள் ஓர் இடத்தைக் குறிப்பதற்காக ஏற்பட்டது. கூகுள் பொதுவாக அந்தப் பகுதியைக் கணக்கில் எடுப்பதில்லை. # குறியும் ஆச்சரியக்குறியும் சேர்த்து எழுதும் முகவரிகளுக்கென கூகுள் 2009இல் ஒரு முறையை முன்மொழிந்தது. 2015இல் அதுவே அந்த முறையைக் கைவிட்டது. இன்றும் # குறிக்குப் பின்னால் செய்தியின் இலக்கத்தை வைத்து இயங்கும் ஒரு தளம் இருந்தால், அதன் ஆயிரம் செய்திகளும் கூகுளுக்கு ஒரே பக்கமாகத்தான் தெரியும்.

"பக்கத்து வீடு" என்று சொல்லும் முகவரி

முகப்பு வழியாகப் பாதை இல்லாவிட்டாலும், தொடரின் முதற் கட்டுரையிலிருந்து மற்ற எட்டுக்கும் இணைப்பு இருந்ததே என்று நினைத்தேன். அவற்றை அழுத்திப் பார்த்தபோது எட்டும் "பக்கம் இல்லை" என்றன.

இணைப்பில் முகவரியை இரண்டு விதமாக எழுதலாம். தளத்தின் பெயருடன் முழுமையாக எழுதுவது ஒன்று. இருக்கும் இடத்தை வைத்துக் குறுக்கி எழுதுவது மற்றொன்று. தபாற்காரரிடம் வீட்டு இலக்கம், வீதி, ஊர் என்று சொல்வதற்கும் "பக்கத்து வீடு" என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. "பக்கத்து வீடு" எது என்பது நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

2014இல் நாங்கள் குறுக்கித்தான் எழுதியிருந்தோம். அப்போது எமது கட்டுரை முகவரிகளின் இறுதியில் சாய்கோடு இல்லை. இணைப்புகள் சரியாக வேலை செய்தன. 2019இல் எல்லா முகவரிகளின் இறுதியிலும் ஒரு சாய்கோடு சேர்ந்தது. சாய்கோட்டில் முடியும் முகவரியைக் கணினி ஓர் அலமாரியாகக் கருதும். ஆகவே இரண்டாம் கட்டுரையை முதற் கட்டுரைக்குள்ளே இருக்கும் ஒன்றாக எண்ணித் தேடியது. அங்கே எதுவும் இருக்கவில்லை. ஒரு சிறு கோடு எட்டுக் கட்டுரைகளுக்கான பாதையை அடைத்துவிட்டது.

குறுக்கிய முகவரிகளை கூகுளால் வாசிக்க முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை. சரியாக எழுதப்பட்டிருந்தால் இரண்டையும் அது பின்தொடரும். முன்னால் ஒரு சாய்கோட்டை இட்டுத் தளத்தின் வாசலிலிருந்தே தொடங்கும்படி எழுதினால் இந்தத் தவறு நேராது. ஆனால் தளத்தின் அமைப்பு மாறும் என்பதை எதிர்பார்த்தால், கட்டுரைக்குள் முழு முகவரியை எழுதுவதே பாதுகாப்பானது. இன்னொரு ஆபத்தும் உண்டு. சில தளங்கள் இல்லாத முகவரிக்கு 404 என்ற பதிலை அனுப்பாமல் ஏதாவது ஒரு பக்கத்தைக் காட்டிவிடும். அந்தப் பக்கத்திலும் குறுக்கிய இணைப்புகள் இருந்தால் ஒன்றுக்குள் ஒன்றாக முடிவில்லாத முகவரிகள் பிறக்கும். கூகுள்பொட் உண்மையான கட்டுரைகளை விட்டுவிட்டு அந்தச் சுழலுக்குள் அலைந்துகொண்டிருக்கும்.

ஒரு வீட்டுக்கு ஐந்து இலக்கம்

நாம் ஒரே பக்கம் என்று நினைப்பதைக் கணினி அப்படிப் பார்ப்பதில்லை. முன்னால் மூன்று டபிள்யூ உள்ளதும் இல்லாததும் வெவ்வேறு முகவரிகள். எச்டிடிபி என்று தொடங்குவதும் எச்டிடிபிஎஸ் என்று தொடங்குவதும் வெவ்வேறு. இறுதியில் சாய்கோடு உள்ளதும் இல்லாததும் வெவ்வேறு. புளொக்கரில் இயங்கும் தளங்களைத் தொலைபேசியில் திறந்தால் இறுதியில் ஒரு கேள்விக்குறியும் 'எம் சமன் 1' என்பதும் ஒட்டிக்கொள்ளும். அதுவும் தனியொரு முகவரி. பேஸ்புக்கிலிருந்து வரும் இணைப்புகளின் வாலில் 2018 முதல் ஒட்டும் நீண்ட குறியீட்டை நீங்களும் கண்டிருப்பீர்கள். அந்த வாலோடு கொப்பி செய்து எமது கட்டுரைக்குள்ளேயே ஒட்டியிருந்த இணைப்புகள் பலவற்றை நான் கண்டெடுத்தேன். ஒட்டியதும் நானேதான்.

இதற்காக கூகுள் எம்மைத் தண்டிக்கும் என்று சிலர் அச்சமூட்டுவார்கள். அது சரியல்ல. ஒரே உள்ளடக்கம் பல முகவரிகளில் இருந்தால், கூகுள் அவற்றை ஒன்றாகச் சேர்த்து, அவற்றுள் ஒன்றைப் பிரதான முகவரியாகத் தெரிவு செய்யும். எமது விருப்பம் எது என்பதைச் சொல்வதற்காக 'கெனொனிக்கல்' என்ற குறியை 2009இல் கூகுள், யாஹூ, மைக்ரோசொப்ட் மூன்றும் சேர்ந்து அறிமுகப்படுத்தின. ஆனால் அது ஒரு வேண்டுகோள் மட்டுமே. எச்டிடிபிஎஸ் முகவரியே பிரதானம் என்று குறியில் எழுதிவிட்டு, தளத்தின் மெனுவிலும் கட்டுரைகளிலும் பழைய எச்டிடிபி முகவரியையே கொடுத்தால், நாமே இரண்டு வார்த்தை பேசுகிறோம். கூகுள் எதை நம்பும்? சிறிய தளம் ஒன்றுக்கு கூகுள்பொட் அடிக்கடி வருவதில்லை. வரும் நேரத்திலும் ஒரே கட்டுரையின் ஐந்து முகவரிகளைத் திறந்து பார்த்தால், யாரும் பார்க்காத பழைய கட்டுரைக்கு முறை வருவது தள்ளிப்போகும்.

தமிழ் முகவரியின் நீளம்

ஆங்கிலத் தளங்களுக்கு இல்லாத சில சிக்கல்கள் எமக்கு உண்டு. இணைய முகவரியில் தமிழ் எழுத்து நேரடியாகப் பயணிக்க முடியாது. ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாக மாறும். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக்குறி, அதையடுத்து இரண்டு எழுத்துகள் என எழுதப்படும். அதாவது ஒரு குறிக்கு 9 எழுத்துகள். உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, அதன் மேல் வரும் கொம்புக்கோ காலுக்கோ புள்ளிக்கோ இன்னொன்று. இந்தக் கணக்கில் 'கொழும்பு' என்ற சொல்லில் 8 குறிகள் உள்ளன. முகவரியில் அது 72 எழுத்துகள்.

இதனால் கூகுளுக்குப் பிரச்சினை இல்லை. அதைச் சரியாகவே வாசிக்கிறது. பிரச்சினை வேறிடத்தில் வருகிறது. வேர்ட்பிரஸ் ஒரு கட்டுரையின் முகவரிக்கு 200 எழுத்துகள் மட்டுமே ஒதுக்குகிறது. எமது தொடரின் எல்லாத் தலைப்புகளும் "சுனாமியின் பத்தாண்டுகள்" என்றே தொடங்கின. அந்த இரண்டு சொற்களும் இடையிலுள்ள கோடும் சேர்ந்து 199. அதற்குப் பின்னால் வந்த மீனவர், பாடசாலை, முகாம் என்ற சொற்கள் எல்லாம் வெட்டுப்பட்டுப் போயின. ஒன்பது கட்டுரைகளுக்கும் ஏறக்குறைய ஒரே முகவரி. இறுதியில் 2, 3, 4 என்று இலக்கம் மட்டுமே வேறு. எது எதைப் பற்றியது என்று முகவரியைப் பார்த்து எவரும் அறிய முடியாது. கையால் இணைப்புக் கொடுத்தபோது நாங்களே இலக்கங்களை மாற்றிக் கொடுத்திருந்தோம். புளொக்கரில் நிலைமை வேறு விதம். அது தமிழ்த் தலைப்பை முகவரியில் சேர்க்காமல், 'புளொக் போஸ்ட்' என்ற ஆங்கிலச் சொற்களையும் ஓர் எண்ணையும் வைத்துவிடும்.

இன்னொன்றைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன. எமது மெனுவில் "தொடர்கள்" என்ற பிரிவுக்கான இணைப்பு உடைந்திருந்தது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. யூனிகோடில் 'தொ' என்பதை இரண்டு விதமாக எழுத முடியும். 'த'வுடன் முழு ஒகரக் குறியைச் சேர்ப்பது ஒரு விதம். கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றே. சேர்வருக்கு அவை இரண்டு வெவ்வேறு முகவரிகள். பாமினியில் தட்டச்சு செய்து ஒரு மாற்றியின் ஊடாக யூனிகோடாக்கிய சொல்லை அங்கு ஒட்டியிருந்தோம். அதனால் வந்த வினை அது.

அதன் பின்னர் நாங்கள் எடுத்த முடிவு எளிமையானது. தலைப்பு தமிழில் இருக்கும். முகவரியை மட்டும் மூன்று நான்கு சொற்களில், ஆங்கில எழுத்தில், சுருக்கமாக நாமே எழுதுவோம். தமிழில்தான் வேண்டும் என்போர் தமிழிலேயே எழுதலாம், ஆனால் இரண்டு சொற்களுக்குள். எதுவாயினும் அதைத் தட்டச்சு செய்யாமல், திறந்த பக்கத்திலிருந்து கொப்பி செய்தே இணைப்புக் கொடுக்க வேண்டும்.

"இங்கே அழுத்தவும்"

இணைப்பின் மேல் எழுதப்பட்டுள்ள சொற்களை வைத்தும் கூகுள் அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று விளங்கிக்கொள்கிறது. எமது தளத்தில் பெரும்பாலான உள்ளிணைப்புகளின் மேல் இருந்தவை "இங்கே அழுத்தவும்", "மேலும் வாசிக்க" என்ற சொற்கள்தான். நூறு பக்கங்களுக்கு ஒரே பெயர் வைத்தால் அது பெயரே வைக்காததற்குச் சமம். "2014இல் மீனவக் குடும்பங்களுடன் நடத்திய செவ்வி" என்று எழுத எத்தனை நொடி செல்லும்?

சில பழைய பக்கங்களில் தலைப்புகள் பாமினி எழுத்துருவிலேயே இருந்தன. எமது கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது, உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகளின் குவியல். தமிழில் தேடுபவருக்கு அது ஒருபோதும் அகப்படாது. தலைப்பைப் படமாகச் செய்து அந்தப் படத்துக்கே இணைப்புக் கொடுக்கும் வழக்கமும் எம்மிடம் அதிகம். அப்படிச் செய்தால், படத்துக்கான மாற்று வாசகம் எழுதும் பெட்டியில் தலைப்பையும் எழுதிவிட வேண்டும். படத்தின் மேலுள்ள இணைப்புக்கு கூகுள் அந்த வாசகத்தையே சொல்லாக எடுத்துக்கொள்கிறது. அந்தப் பெட்டி காலியாக இருந்தால் இணைப்புக்குச் சொல்லே இல்லை.

இடம் மாறும்போது

தளத்தின் பெயரையோ அமைப்பையோ மாற்றுவது குற்றமல்ல. பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதற்குரிய புதிய முகவரிக்கு 301 என்ற நிரந்தர மாற்றத்தின் மூலம் அனுப்பிவிட்டால், கூகுளும் வாசகரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புக்கே அனுப்பிவிடுவதுதான் பலர் செய்யும் குறுக்குவழி. நாங்களும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்தோம். அத்தகைய முகவரிகளை கூகுள் "பக்கம் இல்லை" என்பதாகவே கருதிக்கொள்ளும். அத்துடன் மாற்றத்தை ஏற்படுத்திய பின்னர் உள்ளிணைப்புகளையும் புதிய முகவரிக்கு நேரடியாகத் திருத்திவிட வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதற்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று சங்கிலியாக அலைக்கழிக்கக் கூடாது.

நீங்களே பரிசோதிக்கலாம்

செய்தித்தளம் நடத்தும் சகோதரர்களும், பாடசாலை, நூலகம், சங்கம் ஆகியவற்றின் தளங்களைக் கவனிப்பவர்களும் பின்வருவனவற்றை இன்றே பார்க்கலாம். இதற்குப் பணம் தேவையில்லை.

கூகுளில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் எழுதி, இடைவெளி விடாமல் உங்கள் தளத்தின் முகவரியையும், பின்னர் பழைய கட்டுரை ஒன்றின் தலைப்பையும் இட்டுத் தேடுங்கள். அது வராவிட்டால் சந்தேகப்படுங்கள். கூகுள் சேர்ச் கொன்சோல் என்ற இலவசச் சேவையில் அந்தக் கட்டுரையின் முகவரியைக் கொடுத்தால், அட்டவணையில் இருக்கிறதா, இல்லையெனில் ஏன், எந்த முகவரியைப் பிரதானமாக எடுத்திருக்கிறது என்பதையெல்லாம் சொல்லும்.

தளத்திலுள்ள ஒரு பட்டனின் மேல் மவுஸின் வலப் பக்கத்தை அழுத்திப் பாருங்கள். "புதிய தாவலில் திற" என்ற தெரிவு வராவிட்டால் பெரும்பாலும் அது உண்மையான இணைப்பு அல்ல. இதைத் தொலைபேசித் திரையிலும் பாருங்கள். கூகுள் இப்போது தளங்களின் தொலைபேசி வடிவத்தையே வாசிக்கிறது. கணினியில் இருந்து தொலைபேசியில் இல்லாத மெனு அதற்கு இல்லாத மெனுவேதான்.

முகப்பிலிருந்து தொடங்கி, தேடற்பெட்டியைப் பயன்படுத்தாமல், அழுத்தி அழுத்தியே உங்களுடைய மிகப் பழைய செய்தியை அடைய முடிகிறதா என்று பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் கூகுள்பொட்டாலும் முடியாது.

நாங்கள் பக்க எண்களை மீண்டும் கொண்டுவந்தோம். ஒன்பது கட்டுரைகளையும் தலைப்போடு பட்டியலிடும் தனிப் பக்கம் ஒன்றை உருவாக்கி, அதை மெனுவில் வைத்தோம். முகவரிகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, பழையவற்றிலிருந்து 301 கொடுத்தோம். சில வாரங்களில் ஏழு கட்டுரைகள் தேடலில் வரத் தொடங்கின. இரண்டு இன்னும் வரவில்லை. பாதை அமைத்துக் கொடுத்தாலும் அட்டவணையில் சேர்ப்பது கூகுளின் முடிவு. அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் பாதையே இல்லாமல் வைத்திருந்தது எமது தவறு.

அந்த மாணவிக்கு அன்றே ஒன்பது கட்டுரைகளையும் வட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தேன். அவருக்கு என்னுடைய இலக்கம் தெரிந்திருந்தது. அவருக்கு முன்னர் அந்தத் தொடரைத் தேடி, ஒன்றும் கிடைக்காமல், அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை என்று நினைத்துப் போனவர்கள் எத்தனை பேரோ தெரியாது.